சும்மா படுக்கிறதுக்கும் காசோ?

"சும்மா படுத்துக் கிடக்கிறதுக்கும் காசு குடுத்தனியோ, தம்பி?"

சொங்ஸ்வன் ஏரிக்கரையில் நடந்த யோகா வகுப்பைப் பற்றி நான் சொல்லி முடித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். அன்று காலை எனக்கும் அதே யோசனைதான்.

ஒஸ்லோவில் 5ஆம் இலக்க மெற்றோவில் ஏறிக் கடைசித் தரிப்பில் இறங்கினால் அந்த ஏரி. ஜூன் மாதச் சனிக்கிழமை. மரங்களுக்குக் கீழே, புல்லில் பாய் விரித்துப் பதினான்கு பேர். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை முடிந்து சில மாதங்கள்தான். தமிழன் நான் மட்டும்.

கிழமைக்கு மூன்று நாள் ஜிம்முக்குப் போகிறவன் நான். இது அம்மம்மாமாருக்கான வகுப்பு என்று நினைத்தேன். ஆசிரியை, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு நோர்வேக்காரர், சொன்னது இவ்வளவுதான்: மூச்சை இழுத்துக்கொண்டே கையைத் தூக்குங்கள், விட்டுக்கொண்டே இறக்குங்கள், மூச்சு முடியும்போது அசைவும் முடியட்டும். என் கை பாதி வழி இறங்கமுன்னமே மூச்சு தீர்ந்துவிட்டது. பக்கத்தில் முழங்கால்காரர் ஆறுதலாக இறக்கிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பத்து நிமிடம் படுத்திருக்க வேண்டும். அதுதான் எனக்கு ஏலாமல் போனது. கண்ணை மூடினால் திங்கட்கிழமை மாற்றவேண்டிய சேர்வர், பதில் போடாத மின்னஞ்சல், வீட்டுக்கடன். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். சும்மா இருத்தலைப் பெரிய பேறாகப் பாடிய தாயுமானவரின் மொழி எங்களுடையது. ஆனால் எங்கள் வீடுகளில் "என்ன சும்மா இருக்கிறாய்?" என்பது ஏச்சு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை மிருதங்கம், பின்னேரம் கணக்கு ரியூசன். அதற்காக அம்மா அப்பாவில் நான் குறை சொல்லவில்லை. இரண்டு வேலை செய்தவர்களுக்கு ஓய்வு என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாததை எங்களுக்கு எப்படிக் காட்டியிருப்பார்கள்?

வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம், இந்த முறை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன். "எங்கள் யோகாவை வெள்ளைக்காரர் திருடிவிட்டார்கள்" என்ற பதிவுகளை இன்ஸ்ரகிராமில் பகிர்ந்தவன்தானே நான். "சென்னையிலிருந்து. தேசிகாச்சார்" என்றார் அவர். அந்தப் பெயரை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வெட்கமாகப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து வாசித்தேன். தேசிகாச்சாரின் தந்தை கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனையில் பெடியளுக்கு வேகமான, கடினமான யோகா பழக்கியவர். பிறகு சென்னைக்கு வந்து, ஒவ்வொருவரின் உடம்புக்கும் வயதுக்கும் நோய்க்கும் ஏற்றபடி அதை மாற்றிக் கற்பித்தார். மகன் படித்தது சிவில் பொறியியல். அந்தத் தொழிலை விட்டுவிட்டுத் தகப்பனிடம் மாணவராகி, 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார். எங்கள் வீட்டில் நான் பொறியியலை விட்டுவிட்டு யோகா படிக்கப்போகிறேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

ஆசெம் என்ற அமைப்பு நோர்வேயில் 1966இலேயே தியானம் கற்பிக்கத் தொடங்கிவிட்டது. அன்ரனி இராஜேந்திரம் இந்த நாட்டுக்கு வந்து அப்போது பத்து வருடம்தான். எங்கள் அப்பா அம்மாமார் வரவே இல்லை. ஆகவே எங்கள் கையிலிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. கிருஷ்ணமாச்சாரியார் பிறந்ததும் கர்நாடகத்தில்தான். ரீசேட்டில் "ஓம்" அடித்து விற்பது எனக்கும் எரிச்சல்தான். வகுப்பு நடத்துகிறவர்கள் கேட்காமலே மூலத்தைச் சொல்லவேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனால் பாய் விரிக்காதவனுக்கு உரிமைச் சண்டை எதற்கு?

நீங்கள் போவதென்றால் தனியப் போகாதீர்கள். வீட்டில் யாருக்குத் தோள் நோகிறதோ அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்மாவுக்கு இருபத்தெட்டு வருடத் துப்புரவு வேலை. வலது கை தோளுக்கு மேல் போகாது. "உது அவையளுக்கு. எனக்கேன்? ஆக்கள் பாத்தாச் சிரிப்பினம்" என்று இரண்டு கிழமை இழுத்தடித்தார். மூன்றாம் கிழமை, சல்வாரோடு வந்தார். ஆசிரியை ஒரு மடிப்புக் கதிரை போட்டார். மூச்சு விடுகிற மட்டும் தூக்கினால் போதும் என்றார். அம்மா தூக்கினார். தோள் மட்டுக்கும்தான். யாரும் பார்க்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

பிறகு எல்லாரும் படுத்தோம். ஒரு நிமிடம் ஆகியிராது. பக்கத்துப் பாயில் மெல்லிய குறட்டை. அம்மா பகலில் நித்திரை கொண்டதை என் முப்பத்துநான்கு வயதில் அன்றுதான் பார்த்தேன். எழுப்புவோமா என்று ஆசிரியையைப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

திரும்பி வரும்போது மெற்றோவில் அம்மா கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. இறங்குகிற நேரம்தான் கேட்டார்:

"அடுத்த சனி மாமியையும் கூட்டிக்கொண்டு வரட்டோ? அவவுக்கு எவ்வளவு எடுப்பினம்?"