உறுமும் பொம்மை

திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை கீபோர்டுக்குப் பேட்டரி தீரத் தொடங்கினால் ஒரு சத்தம் வருமே, கேட்டிருப்பீர்கள். பாட்டு இழுபடும், சுருதி சரியும், கடைசியில் வெறும் முனகலாகி அடங்கும். கல்லங்குறிச்சித் திருவிழாவிலும் சிறுவாச்சூர்த் திருவிழாவிலும் வாங்கிவந்த பொம்மைகள் எத்தனையோ இப்படி முனகித்தான் பரணுக்குப் போயிருக்கின்றன. இம்முறை தலையங்கம் அந்த முனகலுக்குத்தான். அதைப் பழுது என்று தள்ளாமல் இசை என்று கேட்கிற கூட்டமும் உலகத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் சின்சினாட்டியில், 1960களின் பிற்பகுதியில், ரீட் கஸாலா என்ற பையனின் மேசை இழுப்பறையில் மூடி கழன்ற குட்டி ஆம்ப்ளிஃபையர் ஒன்று கிடந்தது. அதன் சர்க்யூட் இரும்பில் பட்டு ஷார்ட் ஆகி விதவிதமாகக் கூவ ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் பேட்டரியைப் பிடுங்கியிருப்பார்கள். அவர் எங்கே தொட்டால் என்ன சத்தம் வருகிறது என்று தேடப் போனார். 1992இல் அந்த வேலைக்கு ‘சர்க்யூட் பெண்டிங்’ என்று பெயரும் வைத்தார். குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தர டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1978இல் விற்பனைக்கு விட்ட ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ பொம்மை, இந்த வேலை செய்பவர்கள் கையில் சிக்கி எந்த மொழியிலும் சேராத உளறலைப் பாடுகிறது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பொம்மையின் முதுகில் நாலு ஸ்க்ரூ. உள்ளே சின்னதாக ஒரு போர்டு, நடுவில் கறுப்புப் பிசின் பொட்டு, ஐ.சி. அதற்குள் புதைந்திருக்கிறது. பக்கத்தில் ஒன்றிரண்டு ரெசிஸ்டர். ஐ.சி. எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பதைப் பல பொம்மைகளில் அவற்றில் ஒன்றுதான் முடிவு செய்கிறது. அதைக் கழற்றிவிட்டு, ரேடியோவில் வால்யூமுக்குப் போடுகிற கன்ட்ரோல் ஒன்றைப் பற்றவைத்தால், திருகத் திருகப் பாட்டு ஓடும், தவழும். வேகமும் சுருதியும் சேர்ந்தே மாறும். கன்ட்ரோலுக்குப் பதில், வெளிச்சத்துக்கு ஏற்ப மாறுகிற ரெசிஸ்டரான எல்.டி.ஆர். வைத்தால் கைநிழல் விழ விழக் குரல் தடிக்கும், விலக விலகக் கீச்சிடும். சில போர்டுகளில் ஈரவிரலால் இரண்டு இடத்தைத் தொட்டாலே போதும், நம் உடம்பே ரெசிஸ்டர் ஆகிவிடும். காலிங் பெல்லில் வருகிற யு.எம்.66 மட்டும் இதற்கு மசியாது. டிரான்சிஸ்டர் மாதிரி மூன்று கால் வைத்த அந்தச் சில்லு, கடிகாரத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருக்கும். பாடட்டும்.

இதைவிட நுணுக்கமான வேலை பெரம்பலூரிலும் அரியலூரிலும் செல்போன் சர்வீஸ் கடைகளில் தினமும் நடக்கிறது. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மயிரிழைக் கம்பியைப் பற்றவைக்கிறார்கள். அங்கே பழைய பொம்மையைக் கொண்டுபோனால், “தம்பி, இது வேலைக்காகாது, வேற வாங்கிக்க” என்பார் கடைக்காரர். “ரெடி பண்ண வேணாம்ணே, இன்னும் கொஞ்சம் கெடுத்துக் குடுங்க” என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

நம் காது இதற்குப் பழகவில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டோம். உறுமி கேட்டு வளர்ந்த காது இது. உறுமியின் ஒரு பக்கத்தைக் குச்சியால் தட்டுகிறார்கள். இன்னொரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பில் எழும் உறுமல் எந்த ஸ்வரத்திலும் நிற்காது, ஏறும், வழுக்கும், அடிவயிற்றைப் பிடிக்கும். அதைக் கேட்டுத்தான் சாமி வந்து ஆடுகிறோம். பறையை நெருப்பில் காட்டி முறுக்கேற்றுகிறோமே, அதுவும் வாசிப்பதற்கு முன்னால் கருவியின் உடம்பையே மாற்றுகிற வேலைதான். சபாக்களின் காதுக்கு இவையெல்லாம் வெகுகாலம் இரைச்சல். எதை இசை என்பது, எதை இரைச்சல் என்பது என்ற தீர்ப்பில் சாதிக்கும் பங்கு உண்டு என்பது இந்த இதழின் வாசகர்களுக்குப் புதிய செய்தி அல்ல. பொம்மையின் முனகலைக் கேட்டு முகம் சுளிக்கிற காதும் அந்தச் சபாக் காதின் பங்காளிதான்.

மின்னணு இசை நம் நாட்டுக்கும் புதிதல்ல. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்து இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்த கீதா சாராபாயும் அங்கே வேலை செய்தார். சில ஆண்டுகளில் ஸ்டுடியோ அடங்கிப்போனது. அங்கே பதிவான நாடாக்கள் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, 2023இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. அருமையான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு தேசிய நிறுவனமும் சாராபாய் போன்ற ஒரு பெரிய குடும்பமும் தேவைப்பட்டன. பொம்மைக்குத் திருவிழாக் கடை போதும்.

பள்ளிகளில் அடல் டிங்கரிங் லேப் அமைக்க மத்திய அரசு நிதி தருகிறது. அந்தப் பள்ளிகளின் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள்: ஆள் வந்தால் தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி, தடை கண்டால் திரும்பிப் போகும் கார். அடுத்த பள்ளியின் மேசையிலும் அதே குப்பைத்தொட்டி. “இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன்?” என்று நடுவர் கேட்பாரே என்ற பயம். பயன் எதுவும் இல்லாத, ஆனால் யாரும் கேட்டிராத ஒரு சத்தத்தைச் செய்து மேசைமேல் வைக்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அங்கே ஒரு ஓரம் ஒதுக்குங்கள். பக்கத்து ஊர் உறுமிக்காரரை நடுவராக உட்கார வையுங்கள்; எந்தச் சத்தத்தில் உயிர் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் பேட்டரியில் ஓடும் பொம்மையை மட்டும் திறக்கவும். கரண்டில் செருகுகிற எதையும் தொட வேண்டாம். பட்டன் செல்லைச் சின்னப் பிள்ளை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, கழற்றியதும் பத்திரப்படுத்துங்கள். புகை வந்தால் பொம்மை போயிற்று, நஷ்டஈடு கேட்டு எங்களுக்கு எழுத வேண்டாம். பிழைத்த பொம்மைகளின் ஒலிப்பதிவை அனுப்புங்கள். தாளில் அதை எப்படி வெளியிடுவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.