சர்ட்டிபிகேட்டுக்குக் கடன் வாங்கலாமா?

புதுவை நகரத்தில் எந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்றாலும் இன்று ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. மூன்று மாதத்தில் கிளவுடு, ஆறு மாதத்தில் டேட்டா சயன்ஸ், நூற்றுக்கு நூறு வேலை உத்தரவாதம், கட்டணம் தவணை முறையில். இந்த விளம்பரம் யாரைப் பார்த்துப் பேசுகிறது? கடற்கரைப் பக்கத்துப் பங்களாக்காரரைப் பார்த்தல்ல. அவர் பிள்ளைக்கு வேலை வேறு வழியில் வந்து சேரும். 2020-ல் ஏ.எப்.டி., சுதேசி, பாரதி என்ற மூன்று பஞ்சாலைகளும் மூடப்பட்ட பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போகிற முதலியார்பேட்டைத் தொழிலாளியைப் பார்த்துப் பேசுகிறது. நாற்று நட்ட கூலியில் மகளை பி.எஸ்ஸி. வரை படிக்க வைத்துவிட்ட பாகூர் விவசாயத் தொழிலாளியைப் பார்த்துப் பேசுகிறது.

பி.எப். பாக்கி விஷயமாக யூனியன் ஆபீசுக்கு வருகிறவர்கள், போகும்போது வாசற்படியில் நின்று இதையும் கேட்டுவிட்டுப் போகிறார்கள்: "பையன் ஏதோ சர்ட்டிபிகேட் கோர்ஸ் என்கிறான் தோழரே, பணம் கட்டலாமா?" நாம் கம்ப்யூட்டர் நிபுணர்கள் அல்ல. மெட்ரிக்குலேஷனோடு நின்றவர்கள்தான். ஆனால் கூலிக் கணக்கும் கடன் கணக்கும் பார்க்கத் தெரிந்தவர்கள். கேட்டு விசாரித்ததையும், பார்த்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து இங்கே சொல்கிறோம்.

முதலாவது, இரண்டு விதமான சர்ட்டிபிகேட் இருக்கிறது. தெருமுனைப் பயிற்சிக்கூடம் தன் பெயரை அச்சடித்து, சட்டம் போட்டுக் கொடுப்பது ஒன்று. மென்பொருளையோ கருவியையோ விற்கிற கம்பெனியே பரீட்சை வைத்துக் கொடுப்பது மற்றொன்று. அமேசான், மைக்ரோசாப்ட், சிஸ்கோ, ஆரக்கிள் கம்பெனிகள் கொடுப்பவை இரண்டாவது ரகம். இந்த இரண்டும் ஒன்றே என்று நம் ஜனங்கள் நினைக்கும்படி விளம்பரக்காரர்கள் பேசுகிறார்கள். முதல் ரகத்துக்கு அந்தத் தெருவைத் தாண்டினால் மதிப்பில்லை. அதற்காக ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்க வேண்டாம் என்று தயக்கமில்லாமல் சொல்லிவிடலாம். யோசிக்க வேண்டியது இரண்டாவது ரகத்தைப் பற்றித்தான்.

அதன் விலை என்ன? டாலரில் விலை. அமேசானின் ஆரம்பப் பரீட்சை 100 டாலர், அடுத்த படி 150 டாலர். சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. 300 டாலர், அதாவது 26,000 ரூபாய்க்கு மேல். 2025-26-ம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்கென்று தமிழ்நாட்டுக்கும் புதுவைக்கும் நிர்ணயிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். சோறு தின்னாமல், பஸ் ஏறாமல் 77 நாளுக்கு மேல் மண் வெட்டினால் ஒரு பரீட்சை எழுதலாம். தேறாவிட்டால் மறுபடியும் அத்தனை நாள். தேறினாலும் சி.சி.என்.ஏ. மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். அமேசான் பரீட்சையும் அப்படியே. மைக்ரோசாப்டின் பல சர்ட்டிபிகேட்டுகள் ஒரே வருஷம். ஆனால் காசு வாங்காமல் புதுப்பித்துத் தருகிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். நம் பெரியவர்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை டிரங்குப் பெட்டியில் வைத்தால் ஆயுள் முழுக்கச் செல்லும். இது அப்படியல்ல, வண்டி இன்சூரன்ஸ் மாதிரி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமேசானின் ஆரம்பப் பரீட்சையைப் பிரெஞ்சில் எழுதலாம், ஜெர்மனில் எழுதலாம், இந்தோனேசிய மொழியில்கூட எழுதலாம். தமிழில் எழுத முடியாது. பிரெஞ்சுக்காரன் 1954-ல் நிர்வாகத்தை விட்டுப்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

பிரெஞ்சு என்றதும் நம்மூர்க் கிழவர்கள் சொல்லும் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. ஒரு காலத்தில் இங்கே பிரெஞ்சுப் பரீட்சை தேறியவனுக்குச் சைகோனில் குமாஸ்தா உத்தியோகம் காத்திருந்தது. குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறினார்கள். இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி சரிந்தது. இங்கேயும் கொடி மாறியது. கச்சேரியில் ஆங்கிலம் ஏறியது. படிப்பு அதே படிப்புத்தான், விலைதான் இறங்கிவிட்டது. கம்ப்யூட்டர் உலகத்தில் இந்தக் கதை பத்து வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிறது. 1990-களில் நாவெல் கம்பெனியின் சர்ட்டிபிகேட் வைத்திருந்தவனுக்கு ராஜ மரியாதை. இன்று அந்தப் பெயரைச் சொன்னால் தெரிந்தவர்கள் சிலர்தான். மைக்ரோசாப்டின் எம்.சி.எஸ்.இ.யை எத்தனையோ பேர் நகையை அடகு வைத்துப் படித்தார்கள். 2021 ஜனவரியோடு அந்தக் கம்பெனியே அதை நிறுத்திவிட்டது. எந்த எந்திரத்துக்கு எது படிப்பு, அந்தப் படிப்பு எத்தனை நாள் செல்லும் என்பதையெல்லாம் எந்திரத்தை விற்கிறவனே தீர்மானிக்கிறான். தறி விற்கிற கம்பெனி, தறி ஓட்டுகிறவனிடம் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வரி வசூலித்தால் ஆலைத் தொழிலாளி சும்மா இருந்திருப்பானா?

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பாருங்கள். தமிழ்நாட்டில் சர்க்கார் டைப்பிஸ்ட் வேலைக்கு டைப்ரைட்டிங் பரீட்சையும், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் பரீட்சையும் கேட்கிறார்கள். வேலை விதியிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அந்தச் சர்ட்டிபிகேட்டுக்குச் செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது. ஐ.டி. கம்பெனியில் அப்படி எழுதிவைத்த விதி பெரும்பாலும் கிடையாது. புதிதாக வருகிறவனைக் கம்பெனி தன் சொந்தப் பரீட்சை வைத்து எடுக்கிறது, தன் சொந்தப் பயிற்சி கொடுக்கிறது, வேண்டாமென்றால் தன் சொந்தப் பரீட்சையைக் காட்டியே வெளியே தள்ளுகிறது. 2025 பிப்ரவரியில் இன்போசிஸ் கம்பெனி மைசூர் பயிற்சி நிலையத்திலிருந்து 300-க்கு மேற்பட்ட இளைஞர்களை, உள்தேர்வில் மூன்று தடவையும் தேறவில்லை என்று சொல்லி அனுப்பியதே, அவர்களில் பலர் இரண்டு வருஷம் வேலை உத்தரவுக்குக் காத்துக் கிடந்தவர்கள். வெளியில் வாங்கிய எந்தக் காகிதம் அவர்களைக் காப்பாற்றியிருக்கும்?

சம்பளம் எவ்வளவு வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024-ல் காக்னிசண்ட் கம்பெனி என்ஜினீயரிங் அல்லாத பட்டதாரிகளுக்கு வருஷத்துக்கு 2.52 லட்சம் என்று அறிவித்தது. மாதம் 21,000 ரூபாய். சென்னையில் வாடகை கொடுத்துச் சாப்பிட்டு, ஊருக்கு எவ்வளவு அனுப்ப முடியும்? பயிற்சிக்கூடம் 50,000 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மீது ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 9,000 ரூபாய். வேலையில்லாத பையன் வேலை தேடப் படிப்பதற்குச் சர்க்காருக்கு வரி! இதில் "தவணை" என்று இனிப்பாகச் சொல்கிறார்களே, அது பல இடங்களில் பயிற்சிக்கூடத்தின் தவணையே அல்ல. தகப்பன் பெயரில் ஒரு பைனான்ஸ் கம்பெனி கொடுக்கும் கடன். பயிற்சிக்கூடத்துக்கு முழுப் பணமும் முதல் நாளே போய்விடும். வகுப்பு நடந்தாலும் நின்றாலும் மாதா மாதம் கடன்காரன் வாசலில் நிற்பான். கையெழுத்துக் கேட்டால், யாருடைய காகிதத்தில் போடுகிறோம் என்று படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அப்படியானால் எல்லாமே மோசடி, பிள்ளையை வேறு வேலைக்கு அனுப்பு என்று சொல்லிவிடலாமா? சில தோழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். நாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சித்தப்பா ஒருவர் கம்பெனியில் மானேஜராக இருப்பார். ஒரு போன் பேசினால் இன்டர்வியூ கிடைக்கும். பாகூர்ப் பெண்ணுக்காகப் பேச அங்கே யார் இருக்கிறார்கள்? அவளுக்கு வேலை தெரியும் என்று சாட்சி சொல்ல ஒரு காகிதமாவது வேண்டாமா? இந்தக் கேள்வி நியாயமானது. நெட்வொர்க் வேலை, கிளவுடு வேலை, கம்ப்யூட்டர் பராமரிப்பு ஆகிய இடங்களில் ஒரு நல்ல சர்ட்டிபிகேட் இன்டர்வியூ வரைக்கும் கொண்டுபோய் விடுவது உண்டு. அதற்கு அப்பால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அவள்தான். திருட்டுத்தனமாக விற்கிற கேள்வித்தாளை மனப்பாடம் செய்து தேறி வருகிறவர்களும் ஏராளம் என்பது கம்பெனிக்காரனுக்குத் தெரியும். அதனால் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "எங்கே, செய்து காட்டு" என்கிறான். அதோடு, எல்லாரும் ஒரே சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போனால் என்ன ஆகும்? ரேஷன் கடை வரிசையில் அத்தனை பேரும் விடியற்காலை நாலு மணிக்கே வந்து நின்றால் சீக்கிரம் வந்ததில் யாருக்கு லாபம்? 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி 12,000-க்கு மேற்பட்டவர்களைக் குறைப்பதாக அறிவித்த பிறகு, அனுபவஸ்தர்களும் அதே வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

நம் ஜனங்களுக்குச் சொல்லப்படாத விஷயம் ஒன்று இருக்கிறது. பயிற்சிக்கூடமும் பரீட்சையும் ஒட்டிப் பிறந்தவை அல்ல. அமேசான் ஆரம்பப் பரீட்சைக்கோ சி.சி.என்.ஏ.வுக்கோ எந்த வகுப்புக்கும் போயிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாடங்களைப் பெரும்பாலும் அந்தக் கம்பெனிகளே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கின்றன. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைச் சும்மா படிக்கலாம். பரீட்சை எழுத விரும்பினால் மட்டும் பாடத்துக்கு 1,000 ரூபாய். பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுட்டோரியல் தமிழிலேயே கிடைக்கிறது. பக்கத்து விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் குழுவொன்று கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்து வருகிறது. ஆகவே ஆறு மாதம் இலவசமாகப் படிக்கட்டும். படித்ததைக் கொண்டு ஏதாவது ஒன்றைச் செய்து காட்டட்டும். பிறகு, தான் விண்ணப்பிக்கப் போகும் வேலை விளம்பரங்களில் எந்தச் சர்ட்டிபிகேட்டின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ அந்த ஒன்றுக்கு மட்டும், கையில் இருக்கிற பணத்திலிருந்து பரீட்சைக் கட்டணம் கட்டட்டும். ஒன்று போதும். ஐந்து வாங்கி வைத்துக்கொண்டு வேலையில்லாமல் இருக்கிற பிள்ளைகளையும் நாம் பார்த்திருக்கிறோம். செய்து பழகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்குவது இன்னும் பல வீடுகளில் முதல் அவசியம்.

வேலை கிடைத்துவிட்டவர்கள் விஷயம் வேறு. அவர்கள் சொந்தக் காசில் ஒரு பரீட்சையும் எழுதக் கூடாது என்பதே நம் அபிப்பிராயம். காரணம் சொல்கிறோம். அமேசான், மைக்ரோசாப்ட், சிஸ்கோ இவற்றின் பங்காளிக் கம்பெனி என்ற அந்தஸ்து ஒரு ஐ.டி. கம்பெனிக்குக் கிடைக்க வேண்டுமானால், சர்ட்டிபிகேட் பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அது கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கைக் காட்டித்தான் முதலாளி கான்ட்ராக்ட் பிடிக்கிறான். லாபம் அவனுக்கு, பரீட்சைக் கட்டணமும் இரவுத் தூக்கமும் ஊழியனுக்கு என்றால் அது எந்த ஊர் நியாயம்? கட்டணத்தைக் கம்பெனி கட்ட வேண்டும், படிக்கும் நேரத்தை வேலை நேரத்தில் சேர்க்க வேண்டும். பல பெரிய கம்பெனிகள் கேட்டால் கட்டணத்தைத் தருகின்றன. கேட்கத் தெரியாதவன்தான் கையைவிட்டுக் கொடுக்கிறான். எட்டு மணி நேர வேலைக்காக 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளிகள் குண்டடிபட்டு மாண்ட ஊர் இது. அந்த ஆலைத் தொழிலாளியின் பேரப்பிள்ளை பத்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு நடுநிசியில் முதலாளிக்காகப் பரீட்சைக்குப் படிக்கிறான்.

ஆலையில் வேலை பழகுகிறவனுக்கு முதலாளி உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் சொல்கிறது. 30 பேர், அதற்கு மேல் வேலை செய்கிற ஸ்தாபனம் தன் ஆட்களில் இரண்டரை சதவீதத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும் என்பது 2019-ல் திருத்திய விதி. இந்தச் சட்டம் பட்டதாரிகளுக்கும் உண்டு, ஐ.டி. கம்பெனிகளுக்கும் உண்டு. பழகுகிறவனுக்குக் கூலி கொடுக்கச் சொன்ன சட்டம் உயிரோடு இருக்கும்போதே, பழகுகிறவன் கூலி கொடுக்கிற வழக்கம் எப்படி வந்தது? புதுவையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கம்பெனிகளில் எத்தனை அப்ரண்டிஸ் இடங்கள் இருக்க வேண்டும், எத்தனை நிரப்பப்பட்டிருக்கின்றன என்ற பட்டியலைத் தொழிலாளர் துறை வெளியிட வேண்டும். லாஸ்பேட்டையில் மோதிலால் நேரு சர்க்கார் பாலிடெக்னிக் இருக்கிறது. பகல் வகுப்பு முடிந்த பிறகு அதன் கம்ப்யூட்டர் கூடத்தை மாலையில் மூன்று மணி நேரம் வேலையில்லாப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டு, ஒரு ஆசிரியரையும் போட்டால் என்ன கெட்டுவிடும்?

இந்த இரண்டு கோரிக்கைகளையும் மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறோம். பயிற்சிக்கூடத்தில் பணம் கட்டி வகுப்பு நடக்காமல் நின்றுபோனவர்கள், கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள், ரசீதையும் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு மாலை ஆறு மணிக்கு மேல் யூனியன் ஆபீசுக்கு வாருங்கள்.