வெயில் இருக்கும்போதே வடகம் போடுவோம்



சித்திரை பிறந்துவிட்டது. எல்லாரும் வெயிலைத் திட்டித் தீர்க்கிற மாதம்தான். ஆனாலும் மொட்டை மாடியோ, வாசல் திண்ணையோ, பால்கனியில் நாலு அடி வெயிலோ இருக்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. அடுத்த பங்குனி வரை குழம்புக்கும் கீரைக்கும் வேண்டிய ருசியை இப்போதே சேர்த்து வைத்துவிடலாம். வற்றல், மோர்மிளகாய், ஊறுகாய், பொடி என்று இந்த இதழின் பெரும்பகுதியை அதற்காகவே ஒதுக்கியிருக்கிறோம். அவற்றில் என் மனசுக்கு மிக நெருக்கமானது தாளிப்பு வடகம். இந்தப் பக்கத்தில் அதைப் பற்றித்தான் பேச ஆசை.

அதற்குமுன் பொடிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. வீட்டில் வறுத்து அரைத்த சாம்பார்ப் பொடிக்கு மணம் கூடுதல் என்பது எல்லாருக்கும் தெரியும். மல்லி, மிளகு, சீரகம் இவற்றின் மணம் அவற்றுக்குள் இருக்கும் எண்ணெயில் அடங்கியிருக்கிறது. முழுசாக இருக்கும்வரை அது பத்திரம். அரைத்த நிமிடத்திலிருந்து காற்றோடு போகத் தொடங்கிவிடும். அதனால் வருஷத்துக்கெல்லாம் சேர்த்து ஒரேயடியாக அரைப்பதைவிட, மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சமாக மிக்ஸியில் அரைத்துக்கொள்வதே மேல் என்பது என் கட்சி. மில்லில்தான் அரைப்பேன் என்பவர்கள், சூடாக வரும் பொடியை அப்படியே டப்பாவில் அடைக்காமல் தாளில் பரப்பி ஆறவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துக் கட்டி பிடிக்கும். அழகாக இருக்கிறதே என்று கண்ணாடி ஜாடியில் போட்டு ஜன்னலோரம் வைக்கவும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் மஞ்சளும் மிளகாயும் நிறம் வெளுத்துப்போகும்.

இனி வடகம். தஞ்சாவூர்ப் பக்கத்திலும் புதுச்சேரியிலும் இது இல்லாமல் வத்தக்குழம்போ மீன் குழம்போ இறங்காத வீடுகள் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் வடகம் என்றதும் அரிசிக்கூழில் பிழிந்து பொரிக்கிற வடகத்தை நினைத்துக்கொள்வார்கள். இது வேறு. தாளிப்புக்கு வேண்டிய கடுகு, சீரகம், வெந்தயம், உளுத்தம்பருப்பு எல்லாம் சின்ன வெங்காயத்தோடும் பூண்டோடும் சேர்ந்து, வெயிலில் காய்ந்து, கறுத்த உருண்டையாக உங்கள் பானையில் காத்திருக்கும்.

ஒரு கிலோ சின்ன வெங்காயத்துக்கு எங்கள் வீட்டு அளவு இது: பூண்டு 200 கிராம், உளுத்தம்பருப்பு 100, கடுகு 100, சீரகம் 50, வெந்தயம் 25, இரண்டு டீஸ்பூன் மஞ்சள்தூள், கொஞ்சம் பெருங்காயம், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, தேவையான கல்லுப்பு, 50 மில்லி விளக்கெண்ணெய். கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் விடாதீர்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது, மணமும் காரமும் தூக்கலாக இருக்கும். வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ள வேண்டும். மிக்ஸி என்றால் இரண்டு சுற்று, அவ்வளவுதான். விழுதாகிவிட்டால் வடகம் காயாது. எண்ணெய் தவிர மற்றதையெல்லாம் பிசைந்து, மண்சட்டியில் அழுத்தி, வெள்ளைத்துணியால் வேடு கட்டி ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். உப்பு வெங்காயத்து நீரை வெளியே இழுக்கும், உளுந்து அதைக் குடித்து ஊறும், எல்லாம் சேர்ந்து லேசாகப் புளிக்கும். பின்னால் வரப்போகிற ருசிக்கு இந்தப் புளிப்புதான் அஸ்திவாரம்.

மறுநாள் காலையில் எலுமிச்சை அளவு உருண்டைகளாகப் பிடித்து வெயிலில் வைக்க வேண்டும். சட்டியில் தங்கிய நீரைக் கொட்டிவிடாதீர்கள். சாயங்காலம் உருண்டைகளை எடுத்து உடைத்து, அந்த நீரிலேயே போட்டுப் பிசைந்து மூடிவைத்து, அடுத்த நாள் மறுபடி உருட்டி வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். நீர் முழுக்க உள்ளே இழுக்கும்வரை இப்படித்தான். இந்தச் சாயங்கால வேலையைத்தான் நான் விரும்பிச் செய்வேன். மேலே மொறுமொறுவென்று காய்ந்த உருண்டையை உடைத்தால் உள்ளே இன்னும் ஈரம் பிசுபிசுக்கும். முதல் நாள் பச்சை வெங்காய நெடி கண்ணைக் கரிக்கும். நாலாம் நாள் அதே உருண்டையில் நெடி அடங்கி ஒரு தித்திப்பு வாசனை ஏறியிருக்கும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருந்தது தேன் நிறத்துக்கு வந்து, பிறகு கறுக்கும். கடைசியில் விளக்கெண்ணெய் தடவிப் பிசைந்து உருட்டி, உடைத்தால் உள்ளேயும் ஈரம் இல்லை என்கிறவரை காயவிட வேண்டும். வெயிலைப் பொறுத்து பத்து நாள் ஆகலாம், கூடவும் ஆகலாம். விளக்கெண்ணெய் சீக்கிரம் சிக்குவாடை அடிக்காது, பூச்சியையும் அண்டவிடாது. வாசனை பிடிக்காது என்று தயங்குபவர்களுக்குச் சொல்கிறேன், தாளிக்கும்போது அந்த வாசனை தெரியவே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. நடுவில் மழை மூட்டம் போட்டால் உருண்டைகளை மூடிவைத்துக் காத்திருக்க வேண்டாம். விசிறிக்கடியில் பரப்புங்கள், அல்லது அவனில் மிகக் குறைந்த சூட்டில் உலர்த்துங்கள். பஞ்சு மாதிரி பூசணம் கண்ணில் பட்டால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளக் கூடாது. மனசு கேட்காதுதான். ஆனாலும் பூசணம் பிடித்த உருண்டையை முழுசாகக் கொட்டிவிடுங்கள்.

உபயோகிப்பது சுலபம். நல்லெண்ணெய் காய்ந்ததும் ஒரு சின்ன உருண்டையை உதிர்த்துப் போட்டு, தீயைக் குறைத்துவிடுங்கள். வெங்காயம் ஏற்கெனவே கறுத்திருப்பதால் நொடியில் கருகிவிடும். கடுகு வெடிக்கும், உளுந்து சிவக்கும், வடகத்தின் வாசனை தெருவரை போகும். வெறும் கீரை மசியலில் கொட்டினால் அன்றைக்குச் சோற்றுக்கு வேறு தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம்.

இந்த வடகம் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் பிரான்ஸுக்கும் போயிருக்கிறது. அங்கே ‘வடுவான்’ என்ற பெயரில், உருண்டையாக இல்லாமல் உதிரி மசாலாவாக விற்கிறார்கள். பெரிய ஓட்டல்களின் சமையல்காரர்கள் அதை மீனுக்கும் கறிக்கும் சேர்க்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அதன் சொந்த ஊரில், ஒரே தெருவில், பத்து வீட்டில் போட்ட இடத்தில் இன்றைக்கு ஒரு வீட்டில் போடுகிறார்கள் என்றால் வருத்தமாக இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரமில்லை, ஃபிளாட்டில் வெயில் இல்லை, இரண்டும் உண்மை. அதனால்தான் கேட்கிறேன், ஐந்து கிலோ போட வேண்டாம். கால் கிலோ வெங்காயம் போதும். நாலைந்து மாதத்துத் தாளிப்புக்குக் காணும். காலையில் வெயிலில் வைக்க ஐந்து நிமிடம், சாயங்காலம் பிசைய பத்து நிமிடம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் வீட்டில் அம்மாவோ, பாட்டியோ, அத்தையோ வடகம் போடுகிறவராக இருந்தால், இந்த முறை அவர் பக்கத்தில் ஒரு தராசை வைத்துக்கொண்டு உட்காருங்கள். “ஒரு கை கடுகு” என்று அவர் அள்ளியதும் வாங்கி நிறுத்து எழுதிக்கொண்டு, பிறகு சட்டியில் போடச் சொல்லுங்கள். பூண்டைத் தோலோடு தட்டுகிறாரா, உளுந்து கறுப்பா வெள்ளையா, எத்தனை ராத்திரி புளிக்க விடுகிறார், எண்ணெய் எந்த நாளில் சேர்க்கிறார் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். அதை எந்த ஊர், யார் கைப்பக்குவம் என்ற விவரத்தோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். ஆடி இதழில் அவற்றைத் தொகுத்துத் தருகிறோம். அளவு சரிபார்த்த பிறகு அனுப்பினால் போதும், அவசரமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்