செப்டிக் டேங்குக்கும் சேர்த்துச் சொல்லுங்கள் எச்சரிக்கை

பூண்டி ஏரியின் மதகுகள் திறக்கப்படும்போதெல்லாம் கொசஸ்தலை ஆற்றங்கரை ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடப்படுகிறது. இடையன்சாவடி, மணலி, மணலி புதுநகர், சடையங்குப்பம், எண்ணூர் ஆகிய பெயர்கள் அந்தப் பட்டியலின் கடைசியில் வரும். மேலே திறந்துவிட்ட தண்ணீரெல்லாம் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேருமுன் கடக்கும் தாழ்நிலம் இது. 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் என்று வெள்ளம் இங்கே திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. தாழ்வான பகுதியிலிருந்து வெளியேறுங்கள், பொருள்களை மேலே ஏற்றுங்கள் என்று சொல்லும் நிர்வாகம், வீட்டுக்கு அடியில் இருக்கும் மலக்கழிவுத் தொட்டியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பாதாளச் சாக்கடை எட்டாத வீடுகளில் இருப்பது செப்டிக் டேங்க். பல வீடுகளில் அதுகூட இல்லை, சிமென்ட் உறைகளை இறக்கிய குழிதான். அடியில் தளம் போடாத உறைக்குள் நிலத்தடி நீர் தாராளமாக வந்து போகும். ஆறும் கழிமுகமும் சூழ்ந்த மண்ணில் மழைக்காலத்து நீர்மட்டம் தரைக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். எனவே தெருவில் வெள்ளம் ஏறுவதற்கு முன்பே குழி நிரம்பிவிடுகிறது. கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் குளியலறைத் துவாரம் வழியாக மேலே வருகிறது. சிறிய மனையில் குடிநீர் சம்ப்பும் அதே வாசலில்தான் இருக்கும்; மூடி மூழ்கினால் இரண்டு தண்ணீரும் ஒன்றாகிவிடும். சாக்கடை இணைப்புள்ள வீடுகளும் தப்புவதில்லை. கழிவுநீரேற்று நிலையம் மின்சாரமின்றி நின்றால், ஒருவழி வால்வு இல்லாத குழாயில் தெருக் கழிவு வீட்டுக்குள் திரும்புகிறது. கால் வைக்க இடமில்லாத அந்த நாள்களில் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருப்பவர்கள் பெண்கள்.

தண்ணீர் வடிந்தவுடன் லாரியை வரவழைத்துத் தொட்டியை முழுவதும் உறிஞ்சச் சொல்வதுதான் வழக்கம். அது ஆபத்தானது. 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழமுள்ள தொட்டி காலியாக இருந்தால், ஊறிய மண்ணின் நீர் அதை 3 டன் அளவுக்கு மேல்நோக்கித் தள்ளும். பிளாஸ்டிக் தொட்டி கிளம்பி மேலே வந்துவிடும்; செங்கல் சுவர் விரியும்; குழாய் இணைப்பு உடையும். தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டிய காலம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, நிலத்தடி நீர் கீழே இருக்கும்போது. சுத்தம் செய்தபின் வெறும் தண்ணீரால் நிரப்பி வைத்தால் அந்தக் கனமே தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளத்துக்குப் பிறகோ, சுற்றியுள்ள மண்ணில் நீர் இறங்கும்வரை பொறுக்க வேண்டும். உயிரைக் காப்பாற்றும் இந்த எளிய செய்தி ஒரு துண்டறிக்கையாகக்கூட வீடுகளுக்குப் போகவில்லையென்றால் அது யார் குற்றம்?

தொட்டி தனியார் சொத்து, வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. வெயில் காலத்தில் அந்த வாதம் பொருந்தும். ஆனால் ஏரியைத் திறப்பது அரசின் முடிவு. வெள்ளம் கடலுக்கு ஓட வேண்டிய கழிமுகத்தில் படிந்திருப்பது வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல். ஒரு வீட்டுத் தொட்டி பொங்கினால் தெரு முழுவதற்கும் நோய். இந்த மூன்றுக்கும் கூலித் தொழிலாளியின் பையிலிருந்து மட்டும் பணம் கேட்பது நியாயமில்லை. கொசஸ்தலை வடிநிலத்தில் மழைநீர் வடிகால் கட்ட ஆசிய வளர்ச்சி வங்கியிடம் 25.1 கோடி டாலர் கடன் வாங்க முடிந்த அரசுக்கு இந்தச் செலவு சுமையாகாது.

சென்னைக் குடிநீர் வாரியமும் மாநகராட்சியும் மணலி மண்டலத்தின் ஆற்றோரத் தெருக்களில் தொட்டிகளையும் உறைக் குழிகளையும் வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் சிறு வீடுகளின் தொட்டிகளை இலவசமாகச் சுத்தம் செய்ய வேண்டும். மூடியையும் காற்றுக் குழாயையும் 2021 வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்தவும், ஒருவழி வால்வு பொருத்தவும் மானியம் தர வேண்டும். புதிய வீடுகளுக்கு இவை இல்லாமல் கட்டட அனுமதி கூடாது. பூண்டி மதகு திறக்கும் செய்தியோடு, கழிப்பறைப் பயன்பாட்டைக் குறையுங்கள், சம்ப் மூடியை இறுக்குங்கள், மோட்டாரை நிறுத்துங்கள் என்ற வரிகளும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் போக வேண்டும். நடமாடும் கழிப்பறைகள் நிவாரண முகாமுக்கு முதல் நாளே வந்து நிற்க வேண்டும்.

அடைப்பை எடுக்க எந்த மனிதரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. சேறு நிறைந்த தொட்டியின் நச்சுவாயு நொடிகளில் கொல்லும். கைகளால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்குபவருக்குச் சிறைத் தண்டனை உண்டு. வெள்ளம் வடிந்த வாரத்தில்தான் அவசரம் காட்டி ஆளைத் தேடுவார்கள் என்பதால், அந்த வாரத்தில், தொட்டியை முழுவதும் காலி செய்யாமல் அடைப்பை மட்டும் எடுக்க, உறிஞ்சு லாரிகள் மணலி புதுநகரிலேயே தயாராக நிற்க வேண்டும். அடுத்த பருவமழைக்கான கணக்கெடுப்பைச் சடையங்குப்பத்திலிருந்து இப்போதே தொடங்குங்கள்.