கடைவீதியில் ஓர் இருக்கை

கடைவீதியில் காருக்கு இடமுண்டு. பொருள் வாங்குவோருக்கும் இடமுண்டு. கால் கடுத்து நிற்கும் மூதாட்டிக்கு இடமுண்டோ?

2005ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரக் கலைஞர் சிலர் இதற்கு வேடிக்கையான விடையொன்று கண்டனர். வீதியோரத்துக் கார்த் தரிப்பிடமொன்றின் கட்டணப் பெட்டியில் முறைப்படி காசு இட்டனர். காரை மட்டும் நிறுத்தினாரல்லர். புற்றரை விரித்தனர், மரமொன்றையும் வாங்கொன்றையும் கொணர்ந்து வைத்தனர். இரண்டு மணி நேரம் அவ்விடம் பூங்காவாயிற்று. நேரம் முடிந்ததும் புல்லைச் சுருட்டி, இடத்தையும் கூட்டிவிட்டுச் சென்றனர். (விழா முடிந்தபின் மண்டபத்தைக் கூட்டாத என் மாணாக்கர் கவனிப்பாராக!)

2010 முதல் அந்நகர ஆட்சியே இத்தகைய சிறு பூங்காக்களுக்கு அனுமதி வழங்கலாயிற்று. கடைக்காரர் தம் செலவில் அமைக்கலாம். ஆயினும் எவரும் அமரலாம், எதனையும் வாங்க வேண்டுவதில்லை என்பது அன்றைய விதி. பூங்காவினும் அவ்விதியையே யான் பெரிதாக மதிக்கிறேன்.

2020இல் கொள்ளைநோய் பரவியபோது, வீதியோரத் தரிப்பிடங்கள் பலவற்றில் உணவுச்சாலைகளின் மேசைகள் ஏறின. கடைகள் பல பிழைத்தன. அதனைக் குறை கூறேன். ஆயின், கையில் காசில்லா அம்மூதாட்டி அந்நாளில் எங்கே அமர்ந்தாரோ!