அருவிக்கு விலை கேட்கிறவர்கள்

மக்களுக்கு என்ன வேண்டும், அதற்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்று தெரிய வேண்டுமானால் நேரே போய்க் கேட்டுவிட்டால் போதும் என்ற நம்பிக்கை சோப்புக் கம்பெனி முதல் உலக வங்கி வரை வேரோடிக் கிடக்கிறது. வினாத்தாளோடு ஒருவர் வாசலில் வந்து நிற்பார், கேட்பார், குறித்துக்கொள்வார்; சராசரி எடுத்தால் பொருளின் மதிப்பு கைக்கு வந்துவிடுமாம். காடு, காற்று, அருவி என்று சந்தையில் விலைபோகாதவற்றுக்கும் இப்படி விலை காணலாம் என்கிறது பொருளியலில் ஒரு பிரிவு. குற்றாலத்தில் வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். பேரருவியில் தலையைக் கொடுக்க டிக்கெட் கிடையாது. சாரல் காலத்தில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வருகிறவரை நிறுத்தி, ஐந்தருவியைச் சுத்தமாக வைத்திருக்க ஆண்டுக்கு எவ்வளவு தருவீர்கள் என்றால் ஒரு தொகை சொல்வார். இன்னொருவரிடம் பழைய குற்றாலம், புலியருவி, தேனருவி என்று மலையிலுள்ள அத்தனை அருவிகளையும் சேர்த்துக் கேட்டால், கிட்டத்தட்ட அதே தொகைதான் வரும் என்று நினைக்கக் காரணம் இருக்கிறது.

அந்தக் காரணம் அமெரிக்காவில் கிடைத்தது. 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காக் கடலில் எண்ணெயைக் கொட்டியபின், இழந்த இயற்கைக்கு விலை கட்டும் வேலை நீதிமன்றங்கள் வரை போனது. அந்தக் காலத்தில் ஓர் ஆய்வு, எண்ணெய்க் குட்டைகளில் விழுந்து சாகும் நீர்ப்பறவைகளைக் காக்க எவ்வளவு தருவீர்கள் என்று மூன்று குழுக்களைக் கேட்டது. ஒரு குழுவுக்குச் சொன்ன எண்ணிக்கை 2,000 பறவை, அடுத்ததற்கு 20,000, மூன்றாவதற்கு 2,00,000. வந்த சராசரித் தொகைகள் முறையே 80, 78, 88 டாலர். பறவை நூறு மடங்கு கூடியும் பணம் நகரவில்லை. இதைச் சாதாரண அளவைப் பிழை என்று ஒதுக்க முடியாது. அளக்கப்பட்டது பறவையே அல்ல. நல்ல காரியத்துக்குக் கொடுத்தோம் என்ற மனநிறைவையே இப்படிப் பதில் சொல்கிறவர்கள் வாங்குகிறார்கள் என்று கானமன், நெட்ச் என்ற இரு ஆய்வாளர்கள் 1992இல் எழுதினார்கள். பண்பொழித் திருமலைக் கோயில் உண்டியலில் பணம் போடுகிறவர் முருகனுக்கு விலை கட்டவில்லை. அந்த நோட்டுகளைக் கூட்டி முருகனின் மதிப்பு இவ்வளவு என்று அறிக்கை எழுதினால் சிரிப்போம். அருவிக்கு எழுதினால் மட்டும் ஆய்வு என்கிறோம்.

இதற்கு வலுவான மறுப்பு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வருகிறது. 1988இல் கேரளத்துக் கிராமங்களில், குழாய்த் தண்ணீர் வந்தால் இணைப்பு வாங்குவீர்களா என்று வீடு வீடாகக் கேட்டார்கள். 1991இல் திரும்பப் போய்ப் பார்த்தால், பத்தில் ஒன்பது வீடுகள் சொன்னபடியே செய்திருந்தன. இதைக் காட்டி, கேட்பதே சரியான வழி என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நானும் இந்த ஆய்வை மதிக்கிறேன், ஆனால் அது ஏன் பலித்தது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் தினமும் புழங்கும் பொருள். குடம் சுமக்கும் தூரம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். மாதக் கட்டணம் தங்கள் கையிலிருந்துதான் போகும் என்பதும் தெரியும். வினாத்தாள் வருமுன்பே அந்த வீட்டில் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டவர் அதைக் குறித்துக்கொண்டார், அவ்வளவுதான். அருவி விஷயத்தில் அப்படி ஒரு கணக்கு யார் வீட்டிலும் ஓடுவதில்லை. கேள்வி கேட்ட நிமிடத்தில், கேட்டவர் முகத்தைப் பார்த்துப் பதில் பிறக்கிறது. கேட்டவர் அரசாங்க ஆள்போல இருந்தால் “கண்டிப்பா குடுப்போம் சார்” என்று இன்னும் சீக்கிரமாகவே பிறக்கும்.

முறையைச் செம்மைப்படுத்தினால் போதும் என்பார்கள். கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்ற இரு நோபல் பொருளியலாளர்கள் தலைமையிலான குழு 1993இல் அதற்கான விதிகளை வகுத்தது: எவ்வளவு என்று கேட்காதே, இந்தத் தொகைக்குச் சம்மதமா என்று வாக்கெடுப்புப்போலக் கேள், வேறு செலவுகளையும் நினைவூட்டு. நல்ல விதிகள்தான். விளம்பர உலகம் 1970களிலிருந்து பயன்படுத்தும் கான்ஜாயின்ட் முறையும், விலையையும் தரத்தையும் சேர்த்து வைத்து எது வேண்டும் என்று கேட்பதால், வெறும் கேள்வியைவிட மேல். ஆனாலும் காகிதத்தில் கழியும் பணம் பையில் கழியாது. அதோடு, இந்தத் திருத்தங்கள் எல்லாமே விருப்பம் மனத்துக்குள் தயாராக இருக்கிறது, தோண்டும் கருவிதான் மழுங்கல் என்று வைத்துக்கொள்கின்றன. அது அப்படி இல்லை. 2011இல் பொருளியலாளர்கள் ழான் திரேஸ், ரீத்திகா கேரா குழுவினர் ஒன்பது மாநிலங்களில் ஏறத்தாழ 1,200 குடும்பங்களிடம் ரேஷன் தானியமா, பணமா என்று கேட்டார்கள். கடை ஒழுங்காக நடந்த ஆந்திரம், சத்தீஸ்கர், ஒடிசாவில் தானியமே என்றார்கள். கடை சீரழிந்து கிடந்த பீகாரில் பணத்தைக் கேட்டவர்களே அதிகம். பீகார்க்காரருக்கு அரிசி பிடிக்காது என்றா இதற்குப் பொருள்? கடையைத் திருத்தினால் பதில் மாறும். அந்த ஆய்வாளர்கள் காரணத்தையும் கேட்டதால் இது வெளியே வந்தது. சதவீதத்தை மட்டும் அச்சிட்டிருந்தால் கடையின் நோய் மக்களின் விருப்பமாகப் பதிவாகியிருக்கும்.

சொல்வதை விடு, செய்வதைப் பார் என்பது இன்னொரு கட்சி. மதுரையிலிருந்து வருகிறவர் பஸ்ஸுக்கும் லாட்ஜுக்கும் செலவழித்ததைக் கணக்கிட்டால் குற்றாலத்தின் மதிப்பு தெரியும் என்பார்கள். ஹரால்ட் ஹோட்டலிங் 1947இல் அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குச் சொன்ன யோசனை இது. பொய் சொல்ல இடமில்லாததால் இது மேல் என்பது என் கட்சியும்கூட. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் பண்பொழிக்காரர் பத்துப் பதினைந்து ரூபாயில் போய்க் குளித்துவிட்டு வருவதால், அவருடைய அருவி மலிவாகிவிடுகிறது. அருவித் தண்ணீர் சிற்றாறாக ஓடிக் கீழே வயலுக்குப் போவது இந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

எண் இல்லாவிட்டால் அரசாங்கம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும், ஏதோ ஒரு தொகையாவது இருக்கட்டும் என்பது கடைசி வாதம். ஆனால் பேரருவியில் சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் கூடாது என்று மதுரை உயர்நீதிமன்றக் கிளை தடை விதித்தது. தண்ணீர் கெடுகிறது என்ற உண்மையே அதற்குப் போதுமான காரணம், அருவியின் விலை தெரிய வேண்டியதில்லை. கழிப்பறைக்கு, குப்பை அள்ள, வழுக்காத படிக்கட்டுக்கு என்ன செலவாகும் என்று பேரூராட்சியால் எஸ்டிமேட் போட முடியும். யார் கொடுப்பது, டிக்கெட்டா வரியா, உள்ளூர்க்காரருக்கு விலக்கா என்பதெல்லாம் கூட்டம் போட்டுச் சண்டையிட்டு முடிவெடுக்க வேண்டியவை. அந்தச் சண்டையைத் தவிர்க்கத்தான் சராசரித் தொகை தேவைப்படுகிறது என்பது என் சந்தேகம். இனி எவராவது இத்தனை சதவீதம் பேர் கட்டணத்துக்குத் தயார் என்று தென்காசியில் அறிக்கை கொண்டுவந்தால், கேட்ட கேள்வியை வார்த்தை மாறாமல் முதல் பக்கத்தில் அச்சிடச் சொல்லுங்கள். எத்தனை அருவிக்குக் கேட்டார்கள் என்பதையும்.