முக்கோணக் கண்ணாடியும் 'ஒரிஜினல்' கோஷ்டியும்

பழைய வண்டி வச்சிருக்கறவங்க உலகத்துல ரெண்டு கோஷ்டி உண்டு. தொழிற்சாலையில இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கணும், ஒரு ஸ்க்ரூ மாறினாலும் சாமி குத்தம்னு சொல்றவங்க ஒரு கோஷ்டி. காசு கொடுத்து வாங்கினது நான், கதவைப் பிச்சுக் கூரையில ஒட்டுவேன், உனக்கென்னன்னு கேக்குறவங்க இன்னொரு கோஷ்டி. இவங்க ரெண்டு பேருக்கும் குடுமிப்பிடி சண்டை நடக்குற விஷயங்கள்ல ஒண்ணுதான் இந்தப் பதிவு. பழைய பிக்கப் ட்ரக் கதவுல முன்பக்கம் இருக்குற முக்கோணக் கண்ணாடியைத் தூக்கிட்டு, கதவு முழுக்க ஒரே கண்ணாடியா போடலாமா, கூடாதா?

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன். போடலாம். ஆனா போடுற விதத்துல போடணும். இந்த 'ஆனா'வுக்காகத்தான் இவ்வளவு நீளப் பதிவு. படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு ஜாவாங்கிற கூட்டத்துல அடியேனும் ஒருத்தன். அதனால நடுநடுவுல இஞ்சினியரிங் வாசனை அடிக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல இந்த முக்கோணம் எதுக்கு வந்துச்சுன்னு பாத்துடலாம். நம்ம ஊர் அம்பாசடர், பத்மினி முன்சீட்டுல உக்காந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். சின்னக் கொக்கியைத் திருகித் தள்ளினா ஒரு முக்கோணக் கண்ணாடி செங்குத்தான அச்சுல திரும்பும். ஜெனரல் மோட்டார்ஸ்காரங்க 1933 மாடல் கார்கள்ல இதை 'நோ டிராஃப்ட்' காற்றோட்டம்னு சொல்லிக் கொண்டு வந்தாங்க. லேசா திறந்தா, வண்டி ஓடுற வேகத்துல கண்ணாடிக்குப் பின்னால அழுத்தம் குறைஞ்சு, உள்ள இருக்குற காத்தை வெளிய உறிஞ்சும். முழுசா திருப்பினா வெளிக் காத்தை அள்ளி மூஞ்சில கொட்டும். கரண்டும் வேணாம், மோட்டாரும் வேணாம். ஏசி இல்லாத காலத்துக்கு அருமையான ஐடியா.

அப்புறம் ஏசி வந்துச்சு, டேஷ்போர்டு வழியா காத்து வர்ற ஏற்பாடும் வந்துச்சு. 1967 கமாரோவுல இருந்த முக்கோணம் 1968 கமாரோவுல காணாம போச்சு. மத்த வண்டிகள்லயும் மெல்ல மெல்ல மறைஞ்சுது.

இப்ப, இதை ஏன் எடுக்கறாங்க? நிறைய பேர் அழகுக்காக எடுக்கறாங்க. ஒரே கண்ணாடியா இருந்தா பக்கவாட்டுல இருந்து பாக்க வழவழன்னு இருக்கும், ஒத்துக்கறேன். அது போக நியாயமான காரணங்களும் இருக்கு. ரப்பர் செத்துப் போச்சுன்னா மழைத்தண்ணி உள்ள வரும், வேகமாப் போனா விசில் அடிக்கும், கொக்கியை நெம்பி உள்ள கையை விடுறது திருடனுக்குச் சுலபம். எனக்கு முக்கியமாப் படுறது வேற. முக்கோணத்துக்கும் பெரிய கண்ணாடிக்கும் நடுவுல ஒரு கம்பி நிக்குதே, அது ஓட்டுறவர் கண்ணுக்கும் சைடு மிரருக்கும் நடுவுல வந்து நிக்கும்.

டெக்சஸ்ல நான் குடியிருக்குற தெருவுல ஒரு பெரியவர் கிட்ட 1951 செவ்ரோலே 3100 இருக்கு. அவங்க அப்பா பண்ணையில ஓட்டின வண்டி. முக்கோணத்தோட கொக்கி, அப்பாவோட கட்டை விரல் பட்டுப் பட்டு ஒரு பக்கமா தேஞ்சு பளபளன்னு இருக்கும். பெரியவருக்குக் கழுத்துல ஆபரேஷன் ஆகி, தலையை முழுசா திருப்ப முடியாது. மிரரை நம்பித்தான் ஓட்டணும். அந்தக் கம்பி மிரர்ல பாதியை மறைக்குது. அவர் முன்னால இருந்தது ரெண்டே வழி. ஒண்ணு வண்டியை மாத்தணும், இல்ல வண்டி ஓட்டுறதை விடணும். அவருக்குத் தெரிஞ்ச ஒரு பழைய வண்டிப் பிரியர் இதைக் கேட்டுட்டு, "இது கொலை"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம்.

இங்கதான் எனக்கு 'ஒரிஜினல்' கோஷ்டி மேல கோவம் வருது. எது சார் ஒரிஜினல்? இதே வரிசை செவ்ரோலே ட்ரக்குகள் 1947-ல் அறிமுகமானப்போ கதவுல முக்கோணமே கிடையாது, ஒரே கண்ணாடிதான். 1951-லதான் முக்கோணம் வந்து சேர்ந்துச்சு. முன்பக்கக் கண்ணாடி நடுவுல கம்பி வச்சு ரெண்டு துண்டா இருந்துச்சு. 1954-ல் கம்பெனியே அதை எடுத்துட்டு வளைஞ்ச ஒரே கண்ணாடியா போட்டுடுச்சு. ஆக, கம்பெனிக்கே நிலையான ஒரு 'ஒரிஜினல்' இருந்ததில்ல. ஓட்டுறவங்க தேவையைப் பாத்து வருஷா வருஷம் மாத்திக்கிட்டே இருந்தாங்க. 1951 வண்டியில ஒரே கண்ணாடி போடுறது, ஒரு வகையில 1950-க்குத் திரும்பிப் போறதுதான்.

மியூசியத்துல நிக்க வேண்டிய, கை படாத அபூர்வ வண்டின்னா நானும் தொடாதேன்னுதான் சொல்லுவேன். ஆனா பெரும்பாலான ட்ரக்குகள் அப்படி இல்ல. உழைக்கப் பிறந்த வண்டிகள். ஷெட்டுல துருப்பிடிச்சு நிக்கிற ஒரிஜினலை விட, ரோட்டுல ஓடுற மாத்தின வண்டி மேல்.

சரி, ஒரு கோஷ்டிக்குக் குடுத்தாச்சு. இப்ப அடுத்த கோஷ்டிக்கு வருவோம் :-)

"முக்கோணத்தைப் புடுங்கு, கொஞ்சம் பெரிய கண்ணாடியா வெட்டிச் சொருகு, முடிஞ்சுது கதை." இப்படிச் சொல்றவங்களைப் பாத்தா, பழைய கோடுல ஒரு ஃபங்ஷனைப் பாத்து "இது எதுக்கு, டெலீட் பண்ணிடு"ன்னு சொல்ற மேனேஜர் ஞாபகம் வர்றாரு. டெலீட் பண்ணின அப்புறம்தான் தெரியும், அதை நம்பி இன்னும் நாலு இடம் இருந்துச்சுன்னு.

அந்த நடுக்கம்பி சும்மா அழகுக்கு நிக்கல. பெரிய கண்ணாடி ஏறி இறங்குறதுக்கு முன்பக்கத் தடமே அதுதான். கதவுக்குள்ள அடி வரைக்கும் போகும். அதை எடுத்துட்டா கண்ணாடிக்கு முன்பக்கப் பிடிமானம் இல்ல. புதுசா ஒரு சேனலை கீல் பக்கமா தள்ளி நிறுத்தணும். அது பின்பக்க சேனலுக்கு அச்சு அசலா இணையா இருக்கணும். மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவுன்னு இருந்தா பாதி வழியில கண்ணாடி இறுகிக்கும், இல்லன்னா லொடலொடன்னு ஆடும். கீலோட போல்ட்டும், கண்ணாடியை ஏத்தி இறக்குற ரெகுலேட்டரும் அந்தப் பாதையில குறுக்க வராம பாத்துக்கணும்.

இன்னொரு சிக்கல், ஜன்னலோட முன்பக்கத் தூண் சாய்வா இருக்கும். கண்ணாடி நேரா இறங்கும்போது அதோட சாய்வான விளிம்பு தூணை விட்டு விலகிடும். கதவுக்குள்ள இருக்குற கீழ்ப்பாகம் மட்டும்தான் தடத்துல நிக்கும். அந்தக் கீழ்ப்பாகத்துக்குப் போதுமான நேர் விளிம்பு விட்டு வெட்டணும். இன்னிக்கு வர்ற நிறைய கார்கள்ல மிரர் பக்கத்துல திறக்காத குட்டி முக்கோணம் ஒண்ணு இருக்கே, அது ஏன்னு யோசிச்சிருக்கீங்களா? இந்தச் சாய்வுத் தொல்லை அதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

எடை அடுத்தது. 6 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 15 கிலோ. முன்னால 20 செ.மீ. நீளமும் 40 செ.மீ. உயரமும் கூட்டினா 1.2 கிலோ ஏறும். இவ்வளவுதானான்னு தோணும். ஆனா அது மொத்தமும் ஒரு ஓரத்துல தொங்குது. ரெகுலேட்டரோட கை பழைய இடத்துலயே தூக்கினா, கண்ணாடி மூக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஏறும். கண்ணாடிக்கு அடியில இருக்குற பட்டையை நீட்டி, தூக்குற இடத்தைப் புது எடை மையத்துக்குக் கொண்டு வரணும்.

இதையெல்லாம் கண்ணாடியில பழகக் கூடாது. முதல்ல அட்டையில வெட்டுங்க. அப்புறம் அதே 6 மி.மீ. கனத்துல ப்ளைவுட்லயோ அக்ரிலிக்லயோ வெட்டி மாட்டி, ஏத்துங்க, இறக்குங்க, கதவை டமால்னு சாத்துங்க. எங்க உரசுதோ அங்க இழைங்க. அதுக்கப்புறம்தான் கண்ணாடிக் கடை. அக்ரிலிக் நல்லாத்தானே இருக்கு, அப்படியே விட்டுடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. தூசித் துணியால துடைச்சுத் துடைச்சுக் கீறல் விழுந்து, ராத்திரி எதிர் லைட்டு பட்டா ஒண்ணும் தெரியாது.

எந்தக் கண்ணாடிங்கிறதுதான் பெரிய முடிவு. லேமினேட்டட்னா ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் படலம். தட்டையா இருந்தா கடையிலயே வெட்டித் தருவாங்க. டெம்பர்ட் அப்படி இல்ல. முதல்ல வெட்டி, விளிம்பு இழைச்சு, துளை போட்டு, அப்புறம் சுமார் 620 டிகிரிக்குச் சூடாக்கிச் சட்டுன்னு காத்தடிச்சுக் குளிர வைக்கணும். அதுக்கப்புறம் ஒரு மி.மீ. கூட இழைக்க முடியாது. இழைச்சா பொலபொலன்னு கொட்டிடும். அதனாலதான் பலரும் சுலபமா லேமினேட்டட் பக்கம் போயிடறாங்க.

நான் டெம்பர்ட் கட்சி. கண்ணாடி பாதி இறங்கி நிக்கும்போது கதவை ஓங்கிச் சாத்தினா அந்த அடியைத் தாங்குற பலம் அதுக்குத்தான் அதிகம். லேமினேட்டட்ல மூடாத விளிம்பு வழியா ஈரம் புகுந்தா வருஷப் போக்குல ஓரம் வெளுத்துப் போகும். அதை விட முக்கியம், தப்பிக்கிற வழி. 2019-ல் அமெரிக்காவுல ஏஏஏ அமைப்பு கண்ணாடி உடைக்கிற 6 கருவிகளைச் சோதிச்சுப் பாத்தது. 4 கருவி டெம்பர்டை உடைச்சுது. லேமினேட்டடை ஒண்ணு கூட உடைக்கல. கதவு ரெண்டே ரெண்டு இருக்குற வண்டியில இது சின்ன விஷயமில்ல. எதிர்வாதமும் இருக்கு. விபத்துல ஆள் வெளிய தூக்கி எறியப்படாம லேமினேட்டட்தான் நல்லாத் தடுக்கும். அதுக்கு என் பதில், அந்தக் காலத்து ட்ரக்குக்கு முதல்ல சீட் பெல்ட் போடுங்க, அப்புறம் கண்ணாடியைப் பத்திப் பேசுவோம்.

எதை வாங்கினாலும் மூலையில முத்திரையைப் பாத்து வாங்குங்க. ஏஎஸ்-2ன்னு இருந்தா குறைஞ்சது 70 சதவீத வெளிச்சம் உள்ள விடும்னு அர்த்தம். கண்ணாடிக்கான அமெரிக்க மத்திய அரசு விதி 1968-லதான் வந்துச்சு, என் வண்டி அதுக்கு மூத்ததுன்னு சட்டம் பேசலாம். மண்டைக்கு அந்தச் சட்டம் தெரியாதுங்க.

கடைசியா, என்னோட ஒரே விதி. திரும்பப் போட முடியாத எதையும் வெட்டாதே. பழைய முக்கோணம், ஃப்ரேம், கம்பி எதையும் அறுக்காம போல்ட்டைக் கழட்டி எடுக்கணும். புது சேனலை வெல்டு வைக்காம போல்ட்டுல மாட்டணும். பொட்டி தட்டுறவங்க பாஷையில சொன்னா, ரோல்பேக் இருக்கணும். பெரியவர் அப்படித்தான் செஞ்சாரு. தேஞ்ச கொக்கியோட அந்த ரெண்டு முக்கோணமும் துணி சுத்தி, எந்தப் பக்கம்னு எழுதி, மரப்பெட்டியில இருக்கு. பேரன் ஒரு நாள் வேணும்னு கேட்டா ஒரு வாரக் கடைசியில திரும்ப மாட்டிடலாம்.

காத்தோட்டம் போச்சேன்னு கேப்பீங்க. போச்சுதான். ஏசியோ வேற வழியோ பண்ணிக்கணும், இல்லன்னா டெக்சஸ் வெயில்ல வேகணும். இலவசமா எதுவும் கிடைக்காது.

மாத்துறவனைத் துரோகின்னு சொல்லாதீங்க, அவனுக்கு ஒரு கழுத்து வலி இருக்கலாம். மாத்துறவங்களே, உங்களுக்கு அப்புறமும் அந்த வண்டிக்கு ஒரு சொந்தக்காரன் வருவான். அவனுக்கு ஒரு பெட்டியும் நாலு போல்ட்டும் விட்டுட்டுப் போங்க. மாற்றுக் கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல கும்மலாம், ஆட்டோ மட்டும் அனுப்பாதீங்க :-)